ராஜா மேல் ஒரு மொட்டைக் கடுதாசி

"யாருய்யா இந்த மொட்டைக் கடுதாசியைப் போட்டது? முதல்ல அதைச் சொல்லுங்க!"

டைரக்டர் மேஜையைத் தட்டிய தட்டில் பசை டப்பா உருண்டு கீழே விழுந்தது. பகலெல்லாம் தையல் கடைக்காரர், சாயங்காலம்தான் நாடக டைரக்டர். அளவு டேப் இன்னும் கழுத்திலேயே தொங்கியது.

சிஸ்டர் மேஜைக்கடியில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் காலையிலிருந்து நின்ற கால். நர்ஸ் என்பதால் குழுவில் எல்லோருக்கும் அவள் சிஸ்டர், முதுகுக்குப் பின்னால் சட்டப் புத்தகம். நாடகத்தில் நடிக்கும் குழந்தைகளின் பாதுகாப்பு அவள் பொறுப்பு. வேறு யாரும் வேண்டாம் என்று ஒதுங்கியதால் அவள் தலையில் விழுந்தது.

அவள் சுவரில் மாட்டிய புகார்ப் பெட்டியில் இரண்டு வருஷமாக மிட்டாய்க் காகிதம்தான் விழுந்துகொண்டிருந்தது. இன்று கடுதாசி விழுந்திருந்தது. பெயர் இல்லை. 'போன வியாழக்கிழமை ஒத்திகை முடிந்ததும், ராஜாவாக நடிப்பவர் இளவரசியாக நடிக்கும் சிறுமியைத் தன் காரில் தனியாக அழைத்துப் போனார். இது விதிமீறல்.'

விதியை எழுதியவளே சிஸ்டர்தான். ஒரு பெரியவர், ஒரு குழந்தை, தனியாக எங்கேயும் போகக் கூடாது. மீறினால் அந்த நாடகத்தில் இடமில்லை. அன்றைக்கு எல்லோரும் கைதட்டிக் கையெழுத்துப் போட்டார்கள். கைதட்டுவதற்கு என்ன செலவு?

"சிஸ்டர், தப்பு என் மேலதான்," என்றாள் சிறுமியின் அம்மா. சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுபவள், சீருடையோடு ஓடி வந்திருந்தாள். "கடையில விடமாட்டேன்னுட்டாங்க. போன் வேற செத்துப்போச்சு. கொட்டுற மழையில முக்கால் மணி நேரம் காத்திருந்து, வீட்டுல பாட்டிகிட்ட பத்திரமா விட்டுட்டுப் போயிருக்காரு. அவருக்குப் போய் இப்படியா?"

"நம்ம ராஜா, எலக்ட்ரீஷியன் அண்ணன், தங்கமான மனுஷன்," என்றார் மேக்கப்காரர்.

"இருபது வருஷமா ஈட்டி பிடிச்சு வாசல்ல நின்னவரு. இப்பத்தான் முதல் தடவையா சிம்மாசனத்துல உட்கார்றாரு. சனிக்கிழமை நாடகம். அது யாருக்கோ பொறுக்கலை," என்று டைரக்டர் மந்திரி வேஷம் போடுபவனைப் பார்த்தார்.

"என்னை ஏன் பார்க்கறீங்க?" மந்திரி துள்ளி எழுந்தான். "ராஜா வசனம் எனக்குத் தெரியும்தான். அதுக்காக? என் பிள்ளைங்க மேல சத்தியமா நான் எழுதலை!"

எலக்ட்ரீஷியன் மட்டும் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒட்டுத் தாடியை மெல்லப் பிய்த்துக்கொண்டிருந்தார். பாவம், அவமானத்தில் மனுஷனுக்கு நாக்கு எழவில்லை என்று எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள்.

சிஸ்டர் கடுதாசியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். கிழித்துப் போட்டுவிட்டால் ஆச்சு, வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். அவர் நல்லவர் என்று அவளுக்குத் தெரியாதா? அவள் வீட்டு ஃபேனையே நாலு தடவை சரிசெய்து கொடுத்தவர். ஆனால் இன்று நல்லவருக்காகக் கிழித்தால், நாளைக்கு எல்லோரும் நல்லவர்தான் என்பார்கள். நினைக்கவே அலுப்பாக இருந்தது.

"அவர் நடிக்க முடியாது," என்றாள்.

"மனசாட்சி இருக்கா உங்களுக்கு?" என்று டைரக்டர் கத்தினார். சிறுமியின் அம்மா அழுதாள். அவரவர் வாயில் வந்ததை அவரவர் சொன்னார்கள். எலக்ட்ரீஷியன் எழுந்து, கிரீடத்தைக் கழற்றி மந்திரியின் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார்.

சிஸ்டருக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். காரின் கதவருகே பிடித்துவிட்டாள்.

"அண்ணே, மன்னிச்சிடுங்க. உங்களை எங்களுக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியும் தங்கச்சி. அந்தக் குழந்தைக்கு என்ன தெரியும்?" அவர் முகவாயில் ஒட்டியிருந்த பசையைச் சுரண்டினார். "அன்னைக்குக் கதவைத் திறந்து வாம்மான்னேன். எங்கே, ஏன்னு ஒரு கேள்வி கேட்கலை. துள்ளிக் குதிச்சு ஏறிட்டா. ராஜா மாமா கூப்பிட்டார்னு ஏறினவ, நாளைக்கு வேற மாமா கூப்பிட்டாலும் ஏறுவாளே. அன்னைக்கு ராத்திரி எனக்குக் கண்ணு மூடலை. மறுநாளே டைரக்டர்கிட்ட போய்ச் சொன்னேன். 'போய்யா, போய் வசனத்தைப் படி'ன்னு சிரிச்சாரு."

"அவருக்குத் தெரியுமா? அப்புறம் எதுக்கு அந்தக் குதி குதிச்சாரு?" சிஸ்டருக்குக் கோபம் பொங்கியது. "அதை விடுங்க. நேருக்கு நேர் சொல்லத் துப்பில்லாம, பேர்கூடப் போடாம எழுதினானே, அவனைச் சொல்லணும்!"

"பேர் போட்டு என்ன பிரயோஜனம் தங்கச்சி?" எலக்ட்ரீஷியன் காரில் ஏறிக் கதவைச் சாத்தினார். "என் பேரைப் பார்த்திருந்தா, நீங்களும் சிரிச்சுட்டு விட்டிருப்பீங்க."