இடம் மாறிய பட்டை

கல்லீரல் பட்டையை வயிற்றில் ஒட்டிவிட்டால் போதும். உள்ளே ஓடும் ரத்தத்தின் ஓசையைக் கேட்டுக்கொண்டே இருக்கும். கடுகளவு கட்டி முளைத்தாலும் மருத்துவமனைக்குச் சொல்லிவிடும். சிறுவயதிலேயே ஹெபடைட்டிஸ் கிருமி தொற்றிய இதழினிக்கும் ஒட்டியிருந்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாதே என்று அம்மா தர்ஷினி அதை உரித்தாள். சும்மா கழற்றி வைத்தால் அது காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், தன் வயிற்றிலேயே ஒட்டிக்கொண்டாள். கல்யாணம் முடியட்டும் என்று அப்படியே விட்டுவிட்டாள்.

“இந்த வயசுல இப்படிக் கட்டி வர்றதே அபூர்வம். இவ்வளவு பெருசாகியும் பட்டை எல்லாம் சரின்னே சொல்லிட்டு இருந்துச்சே, எப்படி?” என்றார் டாக்டர், இதழினியின் ஸ்கேனைப் பார்த்தபடி.

“நான்தான் டாக்டர், விளையாட்டா ஃபிரெண்டுக்கு ஒட்டிவிட்டேன்,” என்றாள் இதழினி.

“ஏம்மா, உசுரோடயா விளையாடுவாங்க?”

மகள் நீட்டிய கையைப் பிடிக்க தர்ஷினிக்குக் கூசியது.