இருபத்துமூன்று தோல்விகள்

“இந்த வருசம் ஆட்டத்தை ஆடிக் காட்டுங்கோ” என்றாள் தர்ஷிகா.

மெல்பேர்ன் பெலிக்கன் காற்பந்து அணியின் ரசிகர் கூட்டத்தில் இதை மட்டும் கேட்காதே என்று, காரை நிறுத்தும்போதுகூட அப்பா சொல்லியிருந்தார். “வந்த நாட்டில வாயை அடக்கு, பிள்ளை.”

இந்த வருடத்தின் இருபத்துமூன்று ஆட்டங்களிலும் பெலிக்கன் தோற்கும் என்று போட்டி நடத்தும் சங்கத்தின் கணினி கணித்திருந்தது. ரசிகர்கள் எல்லோரும் கையெழுத்திட்டால் தோல்விகள் பதிவாகிவிடும், ஆட்டமே நடக்காது. ஒருவர் மறுத்தாலும் அணி மைதானத்தில் இறங்கியாக வேண்டும். நான்கு வருடங்களாக யாரும் மறுக்கவில்லை.

“கணிப்பு ஒருநாளும் பிழைச்சதில்லை, தங்கச்சி” என்றார் செயலாளர் குகநேசன்.

“ஆடாமலே இருந்தால் எப்பிடியண்ணை பிழைக்கும்?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

“அடி வாங்கிறதைப் பாக்க உமக்கு அவ்வளவு ஆசையோ?” என்று கேட்டார் குகநேசன்.

“ஓம். எங்கட பெடியள் ஓடி விழுந்து தோக்கட்டும். நான் முன்வரிசையில நிண்டு கத்துவன்.”

கையெழுத்திடாத படிவத்தை அவர் முன்னால் வைத்துவிட்டு, அணியின் நீலச் சால்வையைக் கழுத்தில் இறுக்கிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள்.

முதுகுக்குப் பின்னால், அவள் எழுந்து வந்த வரிசையிலிருந்து ஒரு கரகரத்த குரல் எழுந்தது. வென்ற பிறகு மட்டுமே பாட வேண்டிய அணிப்பாட்டை, ஆட்டம் தொடங்குமுன்பே அப்பா பாடிக்கொண்டிருந்தார். அவள் திரும்பிப் பார்க்காமல் வெளியேறினாள்.