தொப்பிக்கு அடங்காத தலை

வலிப்பு நோய் ஆராய்ச்சி அறையில் விளக்கு கண்ணைக் கூச வைக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தையல்காரியின் தலையில், மூளையின் அலைகளைப் பதிவு செய்யும் தொப்பி மறுபடியும் எழும்பி நிற்கிறது. கம்பிச் சுருள் போல் அடர்ந்த முடி. தொப்பிக்குள் இருக்கும் உலோக வில்லைகள் மண்டையைத் தொடவே மாட்டேன் என்கின்றன. விரலில் பசையோடு டெக்னீஷியன் திரையைப் பார்க்கிறார். அதில் வெறும் கிறுக்கல். "இந்த மாதிரி முடிக்குப் பதிவு சரியா வராதும்மா. உங்க ஆளுங்க யாரையுமே இந்த ஆராய்ச்சியில நாங்க சேர்த்துக்கல. கோச்சுக்காம கிளம்புங்க," என்கிறார். கதவருகே நிற்கும் அக்கா பையைத் தோளில் மாட்டுகிறாள். தையல்காரி எழுந்திருக்கவில்லை. "அப்போ இத்தனை நாளா யார் தலையைப் பாத்து எனக்கு வலிப்பு மாத்திரை குடுத்தீங்க?"

டெக்னீஷியன் தொப்பியைக் கழற்றக் கை நீட்டுகிறார். தையல்காரி அதன் ஓரத்தைத் தானே தூக்கிப் பிடிக்கிறாள். "சட்டை பத்தலைன்னா நான் சட்டையைத்தான் பிரிச்சுத் தைப்பேன் சார், ஆளைத் துரத்த மாட்டேன். அக்கா, சீப்பை எடு." அக்கா பையை இறக்கிவிட்டு வருகிறாள். சீப்பின் கூரான வால் முடிக்குள் இறங்கி வகிடு பிரிக்கிறது. மண்டைத் தோல் ஒரு கோடாகப் பளிச்சிடுகிறது. தையல்காரி அந்த இடத்தைத் தானே தொட்டுக் காட்டுகிறாள்.

"வில்லையை இங்க வைங்க. பசை காயுது."