சந்துப் பக்கச் சுவர்

"வீட்டு முகப்பு சொறி பிடிச்ச மாதிரி நிக்குது. அதை விட்டுட்டு, ஈ காக்கா எட்டிப் பார்க்காத சந்துப் பக்கத்துக்கு வெள்ளையடிக்கிறான். எதுக்கு?"

ஓய்வுபெற்ற சர்வேயர் மனைவியிடம் இதைக் கேட்டது பதிலை எதிர்பார்த்து அல்ல. பதில் அவரிடமே தயாராக இருந்தது.

"கனம் ஏத்துறான். முதல்ல பட்டி, அதுமேல பெயிண்ட். நூல் நூலா நம்ம பக்கம் நகர்ந்து வர்றான்."

பக்கத்து வீட்டுக்காரர் அதே தெருவில் மருந்துக்கடை வைத்திருப்பவர். சென்ற ஆண்டு தம் வீட்டின்மேல் ஒரு மாடி எழுப்பினார். இரு வீட்டுக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும் அளவே சந்து. சர்வேயர் வீட்டு மாடியறை ஜன்னலில் அதுவரை தெரிந்த வானம் போய், சாம்பல் நிறத்தில் ஒரு சிமெண்டுச் சுவர் வந்து நின்றது.

சர்வேயர் டேப்பை எடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். எல்லா அளவும் விதிப்படி சரியாகவே இருந்தது. அதைத்தான் அவரால் மன்னிக்க முடியவில்லை.

அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. தெருவில் வேறு மருந்துக்கடை இல்லாத காரணத்தால் போக்குவரத்து மட்டும் நிற்கவில்லை. சர்வேயர் டாக்டரின் சீட்டை மௌனமாக நீட்டுவார். கடைக்காரர் மாத்திரைகளை மௌனமாக எடுத்து வைப்பார். சில்லறைகூட ஓசைப்படாமல் கைமாறும்.

சீட்டு மனைவியுடையது. உடம்பில் ஒரு குறையும் இல்லை என்றுதான் எல்லாப் பரிசோதனையும் சொன்னது. ஆனால் முதலில் தூக்கம் போயிற்று, பின்பு பசி, அப்புறம் பேச்சும் குறைந்துபோயிற்று. ஜன்னலோரம் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தவர், பட்டப்பகலிலும் விளக்கெரியும் அறையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டார். வயதாகிவிட்டது என்று சர்வேயர் முடிவு கட்டினார். சந்து விவகாரம் தலைக்குமேல் கிடந்தபோது அதற்குமேல் யோசிக்க அவருக்கு ஒழியவில்லை.

வெள்ளையடித்து முடித்ததும் அவர் உடனே டேப்பை எடுத்துவிடவில்லை. ஈரச் சுவரில் எடுத்த அளவு எடுபடாது என்பது அவர் தொழில் தர்மம். நன்றாகக் காயட்டும் என்று சில வாரங்கள் பொறுத்தார்.

பிறகு ஒருநாள், "இதை நிலைச்சட்டத்தோட ஒட்டிப் பிடி" என்று டேப்பின் உருளையை மனைவியிடம் நீட்டினார். ஜன்னலோர நாற்காலியில் இருந்தவர், மடியிலிருந்த தையலை ஒதுக்கிவைத்துவிட்டு வாங்கிப் பிடித்தார். சர்வேயர் கம்பிகளினூடே கையை விட்டு, நுனியை எதிர்ச்சுவரில் அழுத்தினார். அங்குலத்தை எட்டு நூலாகப் பிரிக்கும் டேப்பின் பொடிக்கோடுகளை நிதானமாகப் படித்தார்.

"அரை நூல் குறையுது."

"கண்ணாடி போடாமலா படிச்சீங்க?"

"பளிச்சுன்னு தெரியுதே."

"லைட்டும் போடலையே."

"நல்லதுதானே, கரண்ட் மிச்சம்."

மனைவி சிரித்தார். அதைக் கவனிக்க அவர் அங்கே நின்றால்தானே? டேப்பும் கையுமாகப் படியிறங்கிவிட்டார்.

கடையில் வேறு ஆள் இல்லை. அவரைப் பார்த்ததும் கடைக்காரர் எழுந்து நின்றார். முகம் சற்று வெளுத்திருந்தது. குற்றமுள்ள நெஞ்சு என்று சர்வேயர் குறித்துக்கொண்டார்.

"அரை நூல் என் சந்துக்குள்ள வந்திருக்கீங்க. அளந்துட்டேன்." ஓராண்டுக்குப்பின் கடைக்காரரிடம் அவர் பேசிய முதல் வாக்கியம் அது.

"இருக்கும் சார். ரெண்டு கோட்டுதான் பேசியிருந்தேன். வெளுப்பு போதலைன்னு மூணாவதும் அடிக்கச் சொல்லிட்டேன்."

"எதுக்குங்கிறேன்? அந்தப் பக்கம் உங்களுக்கு ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. அந்தச் சுவரை உங்க வீட்டுல யாரும் பார்க்கவே முடியாது."

"முடியாதுதான்."

"முகப்புக்கு அடிச்சிருக்கலாமே?"

"அடிக்கணும். கையில இருந்தது ஒரு சுவருக்குத்தான் காணும்னு ஆயிடுச்சு."

கடைக்காரர் மேசைமேல் கிடந்த கத்தரிக்கோலை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார்.

"மக குடும்பம் இங்கேயே வந்துட்டாங்க சார். மாடி கட்டாம முடியல. கட்டினதை இடிக்கவும் வழியில்ல. ஆனா உங்க வீட்டு மாத்திரையை எடுத்துக் குடுக்கிறவன் நான்தானே? சுவர் எழும்பினப்போ அம்மாவுக்கு ராத்திரிக்கு அரை மாத்திரை. தளம் போட்டப்போ ஒண்ணு. பூச்சு முடிஞ்சப்போ ரெண்டு. வெள்ளைச் சுவரா இருந்தா வெளிச்சம் கொஞ்சம் அந்த ரூமுக்குத் திரும்பும்னு தோணுச்சு. கேட்டுட்டு அடிக்கலாம்னா, நம்ம ரெண்டு பேருக்கும்தான் பேச்சு கிடையாதே."

சர்வேயர் டேப்பை இழுத்தார்; விட்டார். அது சுருண்டுகொண்டது. மனைவி எப்போது கட்டிலை விட்டு நாற்காலிக்கு வந்தார் என்று யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை.

"அப்ப நான் வந்ததும் ஏன் அப்படி மிரண்டீங்க?"

"வெள்ளையடிச்சதுக்கு அப்புறம் நீங்க சீட்டோட வரவே இல்ல சார். இன்னைக்கு வந்துட்டீங்களேன்னு பக்குன்னு ஆயிடுச்சு. கையில இருந்தது டேப்புன்னு தெரிஞ்சப்புறம்தான் உசிரே வந்துச்சு."