ஒரு கையால் மூடணும்

"இதுவும் வேண்டாங்க. பூட்டு ரொம்ப இறுக்கமா இருக்கு" என்று நான்காவது மடக்குக் கத்தியையும் திருப்பி வைத்தாள் அந்த அம்மாள்.

கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "பூட்டுன்னா இறுக்கமாத்தாம்மா இருக்கும். இல்லன்னா வெட்டும்போது மடங்கி விரலை எடுத்துடும். ரெண்டு கையாலயும் மூட வேண்டியதுதானே?"

"எனக்கில்லீங்க, எம் பொண்ணுக்கு. அவ ஒரு கையாலதான் மூடியாகணும்."

கடைக்காரருக்குச் சுருக்கென்றது. நல்ல ரகம் ஒன்று மேல் தட்டில் இருந்தது. அலமாரியை இறுகப் பிடித்தபடி, கால் நடுங்க, சின்ன ஏணியில் ஏறி எடுத்து வந்தார்.

அவள் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வலது கட்டைவிரலால் பூட்டுத் தகட்டைத் தள்ளினாள். கத்தி வழுக்கிக்கொண்டு மடங்கியது. பத்துத் தடவை மூடிப் பார்த்த பிறகே தலையாட்டினாள்.

"பாதி விலை கொடுங்கம்மா, போதும்" என்றார் கடைக்காரர். "பாவம், சின்னப் பொண்ணு. இன்னொரு கைக்கு என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகலையே. அது கம்பியைப் பிடிச்சிருக்கும்."

செல்போனை நீட்டினாள். வானத்தை ஒட்டி ஒரு டவர். அதன் உச்சியில் ஹெல்மெட் போட்ட பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இருநூறு அடி. அங்க நின்னுதான் கயிறு அறுப்பா. ஏறிட்டா ஒரு கை கம்பியை விடவே கூடாது, அது அவங்க வேலையில சட்டம். அவ ஆபீஸ்ல டவர் ஏறுற முதல் பொண்ணே இவதான். பாவமாம்ல."

முழு விலையையும் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

கடைக்காரர் தன் ஏணியைத் திரும்பிப் பார்த்தார். அதற்கு மொத்தமே மூன்று படி.