மிஸ்டு கால் பூனை

"நோன்புக்கஞ்சி குடிச்ச வாய் தம்பி இது. இப்ப சொல்லப்போறதுல ஒரு எழுத்து பொய் இருந்தா, இந்த நாக்கு அழுகிப் போகட்டும்," என்றார் மதார்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அவர் காலடியில் ஒரு கட்டைப்பை. அதிலிருந்து ஒரு மஞ்சள் பூனை தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளைக்காகப் பொரித்து வைத்த வஞ்சிர மீனை அது இரண்டாவது தடவையும் தின்று தீர்த்துவிட்டது. "பூனையோட திரும்பி வந்தீங்கன்னா வூட்டுக் கதவு திறக்காது" என்று மனைவி ஹஃபீசா காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தாள். சொந்த ஊரான லப்பைக்குடிக்காட்டில் யாரும் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

பக்கத்தில் கீழப்பழுவூர் அறிவரசன், பிளாஸ்டிக் உறை பிரிக்காத புதுப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தான். நாளை மறுநாள் துபாய்க்குக் கிளம்புகிறான். கல்யாணமாகி வருஷம்கூட ஆகவில்லை. அவனுக்கு ஒரே கவலைதான், அதை அவனே சொல்லியிருந்தான். மனைவி வெற்றிச்செல்வி போனை எடுக்கவே மாட்டாள். அடுப்படியில் வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய்விடுவாள்.

"நான் துபாயில இருந்தப்பவும் இதே பாடுதான்," என்றார் மதார். "அதனாலதான் அங்கேருந்தே இந்தப் பூனைக்கு ட்ரெய்னிங் கொடுத்தேன்."

"பூனைக்கா?"

"ரிங் அடிக்கும், உடனே ஹஃபீசா மத்தி மீன் தலை ஒண்ணு போடுவா. தினமும் இப்படி. கொஞ்ச நாள்ல மீனே வேணாம், ரிங் கேட்டாலே இதுக்கு எச்சி ஊற ஆரம்பிச்சிட்டுது."

"போனை எடுக்காதவங்க மீனை மட்டும் எப்படி பாய் போட்டாங்க?"

"பூனைன்னா ஓடி வருவா தம்பி. நம்மகிட்ட பேசத்தான் வர மாட்டா." மதார் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. "அப்புறம், பச்சைப் பட்டனைத் தொட்டா மீன். சிவப்பைத் தொட்டா பட்டினி."

"பூனைக்குக் கலர் தெரியுமா?"

"பட்டினி கிடந்து பாரு, உனக்கே தெரியும். அதுலேருந்து போன் அடிச்சா இதுவே எடுத்து, வாயில கவ்விக்கிட்டுப் போயி கொல்லையில இருக்கறவ மடியில போட்டுடும்."

அறிவரசன் பெட்டியை விட்டுவிட்டுப் பூனைப் பக்கம் நகர்ந்தான்.

"அதோட நின்னிருந்தா தேவலை. பசிச்சா அதுவே எனக்கு மிஸ்டு கால் கொடுக்க ஆரம்பிச்சிட்டுது. நான் அங்க ஆகாசத்துல சாரத்துல தொங்கிட்டிருப்பேன். உடனே வூட்டுக்குக் கூப்பிட்டு 'ஹஃபீசா, மீனைப் போடு'ன்னு சொல்லணும். இல்லேன்னா மறுபடி அடிக்கும்."

"அப்ப யாரு யாருக்கு பாய் ட்ரெய்னிங் கொடுத்தது?"

"அதைத்தான் யோசிச்சுக்கிட்டிருந்தேன். அதுக்குள்ள அடுத்த மிஸ்டு கால் வந்துடுச்சு."

"இவ்வளவு கெட்டிக்காரப் பூனையை ஏன் கொடுக்கறீங்க?"

மதார் பெருமூச்சு விட்டார். "நான் ஊரோட வந்துட்டேன். இனிமே யாரு கூப்பிடப் போறா? வேலையில்லாம அது ஏங்கிப் போச்சு. சந்தேகமா இருந்தா என் நம்பருக்கு ஒரு போன் போடு."

நம்பரைக் கேட்டு வாங்கிப் போட்டான் அறிவரசன். மதாரின் சட்டைப்பையில் போன் அலறியது. அவர் லேசாகக் குனிந்தார். பூனை கட்டைப்பையிலிருந்து எம்பி, அவர் சட்டைப்பையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தது.

"எடுக்குது பாய்," என்றான் அறிவரசன். பூனையை அப்படியே அள்ளி மடியில் வைத்துக்கொண்டான்.

அரியலூர் பஸ் வந்தது. ஒரு கையில் பெட்டியும் மறு கையில் பூனையுமாக அவன் ஏறி உட்கார்ந்தான். மதார் அதே சட்டைப்பையிலிருந்து ஒரு நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தை எடுத்து ஜன்னல் வழியாகக் கொடுத்தார்.

"இது ரீசார்ஜ். தீராம பாத்துக்கச் சொல்லு."

"பாய், பிளேன் மேல ஏறும்போது காது அடைக்குமாமே. உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

மதார் ஜன்னல் வழியாகப் பூனையின் காதைத் தடவிக் கொடுத்தார். "பழகிடும் தம்பி," என்றார். "எல்லாமே பழக்கந்தான்."

பஸ் நகர்ந்ததும் வீட்டுக்குப் போன் போட்டார். "ஹஃபீசா, கதவைத் தொற."

தெருவே துபாய்க்கும் சவுதிக்கும் போய் வந்துகொண்டிருந்தாலும், மதார் இதுவரை பாஸ்போர்ட் எடுத்ததே இல்லை. அவர் பார்த்த தூர தேசம் அரியலூர்.