மூணாவது விவரம்

விலை அதிகமான புடவைதான் இணையக் கடையில் முதலில் தெரிய வேண்டும் என்று சிவப்பிரகாசம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். திறந்து பார்த்தால், ஜீவானந்தம் நெய்த வெங்காயக் கலர் புடவை முதலில் நின்றது. 'நெய்த நாள்: அறுபது' என்று கீழே வேறு போட்டிருந்தது. இப்படி இழுக்கிறானே என்றுதான் அவனை நேற்று வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்.

தளத்தைச் செய்துகொடுத்த லீலாவைப் போனில் பிடித்தார். "இன்னாம்மா இது?"

"ஒவ்வொரு புடவைக்கும் பேர், கலர், விலை, நெய்த நாள்னு நாலு விவரம் இருக்குதுங்க. விலை மூணாவதாச்சேன்னு மூணுன்னு போட்டுட்டேன். கம்ப்யூட்டர் பூஜ்யத்துலேர்ந்து எண்ணுமா, அதுக்கு மூணுன்னா நாலாவது விவரமாம். நெய்த நாளை வச்சு அடுக்கிடுச்சு. மாத்திடறேங்க."

மாற்றுவதற்குள் ஆர்டர் குவிந்துவிட்டது. அறுபது நாள் நெய்த அதே கைதான் வேண்டுமாம்.

"மாத்தாத, அப்படியே வுடு" என்றார்.

அன்று மாலையே சேவூருக்குப் போய் ஜீவானந்தம் வீட்டுக் கதவைத் தட்டினார். திறப்பதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார். "நாளைக்கே தறிக்கு வந்துடுப்பா. ஜல்தியெல்லாம் வேணாம், நிதானமா நெய்யி."

"எங்க வூட்டுக்காரரு தூங்கிகினு இருக்காருங்க. எழுந்ததும் சொல்றேன்" என்றாள், கதவைத் திறந்த லீலா.